விழப் பழகிய ஞாயிறுகள்

“மொதல்ல நீங்க விழுங்கம்மா. அப்புறமா நான் விழுறேன்.”

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் விரித்திருந்த மெத்தை விரிப்பின் ஓரத்தில் நின்றுகொண்டு என் மகள் தர்ஷி இதைச் சொன்னாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. என் பாவாடையின் ஓரம் அவள் கைக்குள் கசங்கிக் கிடந்தது.

விரிப்பின் மேல் உருண்டுகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் அப்படியே நின்று எங்களைப் பார்த்தார்கள். பாதிப் பேர் என்னிடம் முன்பள்ளியில் ‘அ’ எழுதப் பழகியவர்கள். ஜூடோ சொல்லிக்கொடுக்கும் சந்துனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவளுக்கு நன்றி சொல்வேன்.

“அக்கே, விருப்பம்னா மட்டும்” என்றாள். அவள் சிங்களப் பெண். தமிழை அளந்து அளந்துதான் பேசுவாள்.

விருப்பமா என்று கேட்டால், இல்லை. எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. மடுவத்துக்கு வெளியே பிள்ளைகளைக் கூட்டி வந்த அப்பாமார் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள். நாளைக்கு அவர்கள் முகத்தில்தான் நான் முழிக்க வேண்டும். ஆனாலும் வாரக்கணக்காக அந்த விரிப்பின் ஓரத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த பிள்ளை, முதல் தடவையாக ‘விழுறேன்’ என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறாள்.

சந்துனியின் நீளக் காற்சட்டை ஒன்றை வாங்கிப் பாவாடைக்கு உள்ளே மாட்டிக்கொண்டேன். செருப்பைக் கழற்றினேன். அவள் சொன்னபடி குந்தி உட்கார்ந்து, கை இரண்டையும் முன்னால் நீட்டினேன்.

“வயித்தப் பாருங்க அக்கே. மேல பார்க்க எப்பா, வேணாம். பின்னுக்குப் போறப்ப ரெண்டு கையாலயும் தரைய அடிங்க.”

நான் மேலே பார்த்துவிட்டேன். கூரைத் தகரம் தெரிந்தது. பிறகு பின்மண்டை விரிப்பில் மோதியது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

தர்ஷி சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“எந்திரிப்பீங்களா?”

“எந்திரிப்பேன்.”

நான் எழும்பி நிற்கும்வரை அவள் கண்ணைச் சிமிட்டவே இல்லை.

மண் நகர்ந்த மத்தியானம்

இந்தத் தொடரைப் புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் றக்வான டவுனிலிருந்து இன்னும் மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறும் பாதையில் இருக்கிறது. நான் அங்கே முன்பள்ளி டீச்சர். என் கணவர் யோகனுக்குக் கொழும்பில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். வீட்டில் நானும் தர்ஷியும்தான்.

கீழே கிராமத்தில் வெசாக் பண்டிகை விளக்குக் கூடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. நாள்கணக்காக மழை விடவில்லை. பாடசாலை விட்டு வந்த தர்ஷியைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்கு ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு வாடை வந்தது. மரத்தை வேரோடு பிடுங்கினால் வருமே, அந்தப் பச்சை மண் வாடை. பிறகுதான் சத்தம்.

எங்கள் காலடியில் படிக்கட்டு அசைந்தது. தர்ஷி வழுக்கிக்கொண்டு போனாள். அவள் கையை நான் விடவில்லை. அதனால் அவள் தோள் சுளுக்கிக்கொண்டது. எங்களுக்கு நேர் முன்னால் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவின் சுவர் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தது. மெதுவாக என்றுதான் எனக்கு ஞாபகம்.

அந்தக் காம்பராவில் இருந்த லெச்சுமி அக்காவின் கால் முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். உண்மைதான்.

பாடசாலை மண்டபத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். தோள் சுளுக்கு சரியானது. ஆனால் திரும்பி லயத்துக்கு வந்த முதல் நாளே தெரிந்துவிட்டது. சரிவைக் கண்டால் தர்ஷி உட்கார்ந்துவிடுவாள். அழுகை இல்லை, சத்தம் இல்லை. குந்தி உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற தேயிலைச் செடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். பிடியைப் பிரிக்க முடியாது.

எங்கள் தோட்டத்தில் சரிவு இல்லாத இடம் எங்கே இருக்கிறது? தண்ணீர் பிடிக்கப் போனால் சரிவு. கோயிலுக்குப் போனால் சரிவு. பாடசாலைக்கு வளைந்து வளைந்து இறங்கும் படிக்கட்டு. நான் தூக்கிக்கொண்டு போனேன், தூக்கிக்கொண்டு வந்தேன். ஆறு வயதுப் பிள்ளையைத் தூக்கினால் அவள் கால் என் முழங்காலில் இடிக்கும்.

வைத்தியசாலையில் காட்டினேன். “உடம்புக்கு ஒன்றும் இல்லை, நாள் போகச் சரியாகும்” என்றார் டொக்டர். நாள் போனது. மழை பெய்தால் காம்பராவை விட்டு வெளியே வருவதையும் நிறுத்திக்கொண்டாள்.

எம்பிலிப்பிட்டியவின் சமதரை

யோகன் கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது எனக்கு அதிகமாகச் சுட்டது.

“சாந்தி, நான் சொல்றதக் கேளு. எம்பிலிப்பிட்டியவுல தங்கச்சி வீடு இருக்கு. தரை மட்டமா இருக்கு. ஸ்கூலும் பக்கம். ஒரு ரெண்டு வருஷம் அங்க இருக்கட்டுமே” என்றார் தொலைபேசியில்.

“நானும் போறதா?”

“நீயும் போயிட்டா முன்பள்ளிய யாரு பாக்குறது? புள்ள மட்டும் போகட்டும்.”

“புள்ள எங்கிட்ட இருக்கும்.”

“இருந்து? தூக்கிக்கிட்டே திரிவியா? பத்து வயசுலயும் தூக்குவியா?”

அவர் தங்கச்சி நல்லவர். தர்ஷியைத் தன் பிள்ளை மாதிரிதான் பார்ப்பார். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் சமதரையில் இரண்டு வருடம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தால் இந்த மலை இங்கேயேதான் இருக்கும். அதே படிக்கட்டு, அதே மழை.

“ஜனவரியில ஸ்கூல் தொடங்குற வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள நடக்கலன்னா நானே கூட்டிக்கிட்டுப் போய் விடுறேன்” என்றேன்.

சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்கு என்மேலேயே எரிச்சல். எதை நம்பி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பார்மசியில் வேலை செய்த பெண்

சந்துனியை நாங்கள் முதலில் பார்த்தது பாடசாலை மண்டபத்தில். கீழ்க் கிராமத்து ஆட்கள் சோற்றுப் பொதி கொண்டு வந்தபோது அவளும் வந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். றக்வானவில் ஒரு பார்மசியில் வேலை. படிக்கிற காலத்தில் மாகாண மட்டத்தில் ஜூடோ விளையாடியவள்.

சோறு கொடுத்து முடிந்த பிறகும் அவள் போகவில்லை. சுவரோரம் குந்தியிருந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அக்கே, இந்தப் பிள்ளைகள் எல்லாம் சும்மா இருக்கு. நான் ஏதும் சொல்லிக்குடுக்கவா?”

அப்படித் தொடங்கியதுதான். எல்லாரும் லயத்துக்குத் திரும்பிய பிறகு தோட்டத்துத் துரையிடம் நான் போய்க் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுப்பதில்லை, காலையில் மடுவத்தைத் தருகிறேன் என்றார். விரிப்புக்கு என்ன செய்வது? நிவாரணமாகக் கொடுத்த ஸ்பொஞ்சு மெத்தைகளில் கிழிந்ததும் நனைந்ததும் நிறையக் கிடந்தன. வெயிலில் காயப்போட்டு, நெருக்கி அடுக்கி, மேலே தார்ப்பாய்ப் படங்கை இழுத்துச் சாக்கு ஊசியால் தைத்தோம். தைத்ததில் பாதி லெச்சுமி அக்கா, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு.

“சண்ட பழக்கவா இவ்வளவு பாடு?” என்று தைக்கத் தைக்கக் கேட்டார். “அதுவும் பொட்டப் புள்ளைகளுக்கு.”

எங்கள் காலத்தில் தீமிதித் திருவிழாவுக்கு அண்ணன்மார் கம்பு சுற்றப் பழகுவார்கள். என் அண்ணனும் பழகினான். அவன் தவறவிட்ட கம்பு என் பக்கம் உருண்டு வந்தால் எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் எடுத்ததைக் கொடுக்காமல் நானே ஒரு சுற்றுச் சுற்றினேன். அம்மா மலையிலிருந்து வந்த கோலத்தில், கூடையைக்கூட இறக்காமல், ‘பொம்பளப் புள்ள, கை கால முறிச்சிக்காத’ என்றார். எனக்கு என்னவோ அன்றைக்குக் கை முறியும் என்று தோன்றவே இல்லை. நன்றாகத்தான் சுற்றினேன்.

சரி, மடுவத்துக்கு வருகிறேன்.

அடிப்பதும் தூக்கிப் போடுவதும்தான் முதல் பாடமாக இருக்கும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். சந்துனி மாதக்கணக்கில் விழுவதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தாள். பின்னால் விழுவது, பக்கவாட்டில் விழுவது, உருண்டு எழும்புவது. தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு ஒட்டவைத்துக்கொள்வது. மூச்சை அடக்காமல் விட்டுவிடுவது. உள்ளங்கையால் தரையைப் பலமாக அறைவது. அப்படி அறைந்தால் விழுகிற வேகம் கையோடு போய்விடும், தலைக்கும் முதுகுக்கும் வராது.

“எல்லாப் பிள்ளையும் விழும் அக்கே. இங்க மலைதானே” என்றாள்.

அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. நடக்கச் சொல்லியே மாதக்கணக்காகத் தர்ஷியைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பயம் நடப்பதில் இல்லையே.

அடுத்த ஞாயிறு அவளைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்கு இறங்கினேன். அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறும் உட்கார்ந்தாள். சந்துனி ஒருநாளும் கூப்பிடவில்லை. “பய வெண்ட எப்பா, நங்கி” என்று தலையில் தட்டிவிட்டுப் போவாள். பயப்படாதே என்பது மட்டும் தர்ஷிக்கு எந்த மொழியிலும் புரியும்.

“அடிபட்ட புள்ளைய மறுபடி விழவா கூட்டிக்கிட்டுப் போற?” என்று லெச்சுமி அக்கா கேட்டார். இந்தத் தடவை கோபம் இருந்தது.

“ஆமாக்கா” என்றேன்.

நான் மாணவியான கதை

அப்படி உட்கார்ந்திருந்தவள்தான் ஒருநாள் என்னை விழச் சொன்னாள். நான் விழுந்தேன், எழும்பினேன். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாளா என்றால், அன்றைக்கு இல்லை.

“இன்னொரு தடவ விழுங்கம்மா” என்றாள்.

வகுப்பு முடியும்வரை என்னை விழ வைத்தாள். மறுநாள் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் விட மனமில்லை. முன்பள்ளி விட்டதும் கதவைச் சாத்திவிட்டுப் பன்பாயைப் போட்டு நானே பழகினேன். ஒருநாள் லெச்சுமி அக்கா ஊன்றுகோலோடு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று லயத்தையே கூப்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஜன்னலையும் சாத்திக்கொள்வேன்.

எனக்குச் சரியாக விழ வந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. நின்ற நிலையிலிருந்து பின்னால் சாய்ந்தேன். கை இரண்டும் படங்கில் பளீரென்று அறைந்தன. தலை படவே இல்லை. உடம்பு தானாக உருண்டு நின்றது. வலி துளியும் இல்லை.

தர்ஷி என் தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு விரிப்பின் மேல் ஏறினாள். குந்தினாள். தன் வயிற்றைப் பார்த்தாள். விழுந்தாள்.

சின்னக் கை, சத்தம்கூடச் சரியாக வரவில்லை. மல்லாந்தபடி கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு எழும்பி, திரும்பவும் குந்தினாள். அன்றைக்கு வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகும் அவளை விரிப்பிலிருந்து இறக்க முடியவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு பாதிப் படி ஏறினாள். பிறகு தூக்கச் சொன்னாள். தூக்கினேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். மார்கழிப் பனி இறங்கும்போது காய்ந்த நாட்களில் முழுப் படியும் நடந்தாள். மழை நாட்களில் மட்டும் முடியவில்லை.

யோகன் வந்த ஞாயிறு

நத்தார் பண்டிகை கழிந்து யோகன் லீவில் வந்தார். தங்கச்சி கொடுத்துவிட்ட புதுச் சப்பாத்தும் புத்தகப் பையும் கொண்டு வந்திருந்தார். தர்ஷி முற்றத்தில் நடப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாக்கு என்றால் வாக்கு.

“வெயில்ல நடக்கிறது சரி. மழையில நடந்தாத்தான் நடந்த மாதிரி. இங்க வருஷம் பூரா மழைதானே சாந்தி.”

அவர் சொன்னதில் பிழை இல்லை.

ஞாயிறு விடியும்போதே மழை. வகுப்புக்குப் போகும் நேரமாகியும் விடவில்லை. தர்ஷி வாசலில் நின்று பார்த்தாள். போக வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். செருப்பை மாட்டினாள்.

நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். சில படிகள் இறங்கியதும், அன்றைக்கு மண் சரிந்த இடத்துக்குக் கிட்ட, படியில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தர்ஷி அதைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள். கை தேயிலைச் செடிக்குப் போனது.

யோகன் என்னைப் பார்த்தார். ‘நான் சொன்னேனே’ என்ற பார்வை இல்லை அது, மனுசன் உடைந்துபோயிருந்தார். குடையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்கப் போனார்.

தர்ஷி அவர் கையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவருக்கு விளங்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவள் மறுபடி தட்டினாள், இந்த முறை பலமாக.

“விடுங்க. விடச் சொல்றா” என்றேன். “ரெண்டு தட்டு தட்டினா விட்டுடணும். அது அவங்க ஜூடோ சட்டம்.”

விட்டார். மழையில் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். தர்ஷியின் தலையிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது. பிறகு அவள் செடியை விட்டாள். எழும்பினாள். ஒரு படி இறங்கினாள்.

கொஞ்சத் தூரம் போனதும் வழுக்கியது. யோகன் பாய்ந்தார், நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன். எப்படி எனக்கு அந்தத் துணிவு வந்ததென்று தெரியவில்லை. தர்ஷி பக்கவாட்டில் விழுந்தாள். நாடி நெஞ்சில் இருந்தது. உள்ளங்கை சேற்றில் சப்பென்று அறைந்தது. எழும்பிப் பாவாடையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

“ரொம்ப வழுக்குது. பாத்து வாங்க” என்றாள்.

மடுவத்தை அடைந்து, சேற்றுக் காலைக் கழுவி, விரிப்புக்குக் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போனாள். யோகன் வெளியே தகரத்துக்குக் கீழே நின்றார். ஒரு பெரிய பிள்ளை தர்ஷியைப் பிடித்துக் கீழே போடுவதையும், தர்ஷி எழும்பி அந்தப் பிள்ளையைப் போடப் பார்த்துத் தோற்பதையும், முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசிவரைக்கும் பார்த்தார்.

“தங்கச்சிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன்” என்றார்.

இரண்டு தட்டு

அந்தச் சட்டம் இப்போது எங்கள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. முன்பள்ளியில் முன்பெல்லாம் ஒருவன் பொம்மையைப் பறித்தால் மற்றவன் கடிப்பான். இப்போது அண்ணன் அக்காமாரைப் பார்த்துப் பழகிய நான்கு வயதுகள்கூட, போதும் என்றால் தட்டுகின்றன. தட்டினால் மற்றது விட்டுவிடுகிறது. எல்லா நாளும் இல்லை, அதிகமான நாட்களில்.

ஒரு அப்பா என்னிடம் முறைப்பாடே கொண்டு வந்தார். “டீச்சர், நான் ஏசுறப்ப மேசையில ரெண்டு தட்டு தட்டுது. இத எங்க போய்ச் சொல்றது?”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்ய? நிறுத்திட்டேன்.”

பிள்ளைக்கு இதனால் என்ன பிரயோசனம் என்று என்னைக் கேட்கும் தாய்மாருக்கு நான் பெரிய கதை எதுவும் சொல்வதில்லை. தர்ஷி இன்றைக்கும் இடிக்குப் பயப்படுவாள். படிப்பில் முதலாம் பிள்ளை ஆகிவிடவில்லை. இரத்தினபுரியில் நடந்த போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, வழியெல்லாம் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள். விழுந்தால் என்ன செய்வது என்று அவள் உடம்புக்குத் தெரியும். அதைப் பழக ஆறு வயது சின்ன வயது இல்லை. முப்பத்தைந்துதான் கொஞ்சம் பிந்திவிட்டது. ஆனாலும் நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த மலையை ஜூடோவால் பிடித்து நிறுத்த முடியாது. அதுவும் எனக்குத் தெரியும். பாதுகாப்பான இடத்தில் வீடு தருவதாகச் சொன்னவர்களை நாங்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். தரும்வரைக்கும் கேட்போம்.

போன மாதமும் ஒரு பின்னேரம் எச்சரிக்கை வந்தது. லயத்தை விட்டுப் பாடசாலைக்கு இறங்கச் சொன்னார்கள். நல்ல மழை. முக்கியமான சாமான்களை ஒரு பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்து, வழக்கம்போலத் தர்ஷியின் பக்கம் கையை நீட்டினேன்.

அவள் பையின் வாரை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டிருந்தாள். நீட்டிய கையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“எனக்கு வேணாம். லெச்சுமி பெரியம்மா கையப் பிடிங்கம்மா. அவங்க விழப் பழகல.”